கல்லூரியைத் தெரிதலும் கல்வியின் நிறைவும்

முன்னுரை

வேளச்சேரியினின்றும் தாம்பரம் நோக்கிச் செல்லும் சாலையில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் கடந்த பின்னர் அமைந்துள்ள ஊர் மேடவாக்கம் ஆகும். ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூராய் நெடுங்காலம் இருந்த இவ்வூர், இன்று சென்னையின் தெற்குப் புறநகராய் வளர்ந்துள்ளது. இதன் தென்மேற்கே சேலையூரும் தாம்பரமும், கிழக்கே சோழிங்கநல்லூரும், வடமேற்கே பரங்கிமலையும் உள்ளன. இவ்வூர்களுக்குச் செல்லும் சாலைகள் கூடும் இடமாதலின், காலை வேளையில் மேடவாக்கம் வழியே பல கல்லூரிகளின் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதைக் காணலாம். ஒரே தெருவில் வாழும் பிள்ளைகள் வெவ்வேறு பேருந்துகளில் ஏறி வெவ்வேறு திசைகளுக்குச் செல்கின்றனர்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவந்ததும் இங்குள்ள இல்லந்தோறும் இரண்டு வினாக்கள் எழுகின்றன. எந்தக் கல்லூரியில் சேர்வது? எந்தப் பாடத்தை எடுப்பது? சில ஆண்டுகள் கழித்து மூன்றாவது வினா ஒன்று எழுகின்றது. கற்ற கல்வியால் மனம் நிறைந்ததா என்பதே அது. முதலிரண்டு வினாக்களுக்கும் விடை காண்பதற்குப் பெற்றோர் பொருளையும் காலத்தையும் பெரிதும் செலவிடுகின்றனர். மூன்றாவதன் விடை அவ்விரண்டனுள்ளேயே அடங்கிவிட்டதென்று கருதுகின்றனர். தெரிவு நன்றாயின் நிறைவு தானே வரும். தெரிவு பிழையாயின் நிறைவு வாராது என்பது அவர்தம் கொள்கை. இக்கொள்கைக்கு நம் கல்வி வரலாறு சான்று பகர்கின்றதா என்பதனை இக்கட்டுரையில் ஆராய்வோம். மேடவாக்கத்தைச் சூழ்ந்த தாம்பரம், குரோம்பேட்டைப் பகுதிகளின் வரலாறு இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் துணை செய்கின்றது.

நன்னூல் காட்டும் அளவை

ஆராய்ச்சிக்கு அளவை ஒன்று வேண்டும். அதனை நன்னூற் பொதுப்பாயிரம் நமக்கு அளிக்கின்றது. பவணந்தி முனிவர் நூலினது வரலாறு, ஆசிரியனது வரலாறு, பாடஞ் சொல்லலினது வரலாறு, மாணாக்கனது வரலாறு, பாடங் கேட்டலினது வரலாறு என ஐந்தனை வகுத்துரைக்கின்றார். ஆசிரியர் ஆகத் தக்கவர் இவர், தகாதவர் இவர் என்றும், மாணாக்கர் ஆகத் தக்கவர் இவர், தகாதவர் இவர் என்றும் பிரித்துக் காட்டுகின்றார். கல்வி நிகழும் இடத்திற்குத் தனிப் பகுதி வகுக்கவில்லை. ஆசிரியனும் மாணாக்கனும் பொருந்திய இடமே கல்வி நிலையம் என்பது அக்காலக் கொள்கை எனலாம்.

பாடங் கேட்டலைப் பற்றிக் கூறுமிடத்து அவர் ஒரு கணக்கினைத் தருகின்றார். ஆசிரியர் உரைத்ததனை முழுதும் மனங்கொண்ட மாணாக்கனும் புலமையிற் காற்கூறே பெற்றவன் ஆவான். மற்றொரு காற்கூறு உடன் பயில்வாரொடு பழகுதலால் வரும். எஞ்சிய அரைக்கூறு தான் கற்றதனைப் பிறர்க்குச் செவ்விதாக எடுத்துரைத்தலால் நிரம்பும். இக்கணக்கின்படி நோக்கின், மாணாக்கன் ஒரு கல்லூரியைத் தெரிந்து கொள்ளும்பொழுது அவன் பெறுவது ஆசிரியரும் உடன் பயில்வாரும் சேர்ந்த ஒரு பாதியின் வாய்ப்பு மட்டுமே ஆகும். எஞ்சிய பாதி எக்கல்லூரியின் விளம்பரத்திலும் இல்லை. அஃது அவன் உழைப்பில் உள்ளது. இவ்வளவையை மனத்திற்கொண்டு வரலாற்றினுட் புகுவோம்.

ஆசிரியரைத் தெரிந்த காலம்

கல்லூரியை நாடாமல் ஆசிரியரை நாடிச் சென்ற காலத்தின் இறுதிச் சான்றுகளுள் ஒன்று உ. வே. சாமிநாதையரின் மாணாக்க வாழ்க்கை. அவர்தம் தந்தையார் இசைவல்லார். மகனும் இசை பயில வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனின் மனமோ தமிழிலேயே சென்றது. பல ஊர்களிற் பல ஆசிரியரிடம் பாடங் கேட்ட பின்னர், அவ்வாசிரியர்கள் வாயிலாகவே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெருமையை அவர் அறிந்தார். 1871ஆம் ஆண்டு தந்தையாருடன் மாயூரம் சென்று அவரிடம் மாணாக்கராய்ச் சேர்ந்தார். 1876ஆம் ஆண்டு பிள்ளையவர்கள் மறையும் வரையில் அவருடன் இருந்து கற்றார். இதனினும் சிறந்த தெரிவினை நம் இலக்கிய வரலாற்றிற் காண்டல் அரிது.

எனினும், ‘என் சரித்திரம்’ கூறும் பிற்கால நிகழ்ச்சி ஒன்று ஈண்டு நோக்கத்தக்கது. 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரான சாமிநாதையர், அவ்வாண்டிலேயே அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். என்ன கற்றிருக்கின்றீர் என்று முதலியார் வினவினார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் பிறவற்றையும் வரிசையாக எடுத்துரைத்தார். முதலியாரோ அவற்றைப் பொருட்படுத்தவில்லை. சீவக சிந்தாமணியையும் மணிமேகலையையும் சிலப்பதிகாரத்தையும் கற்றதுண்டா என்று கேட்டார். ஐயரிடம் அவ்வினாவிற்கு விடை இல்லை.

தம் கல்வியைப் பற்றி அதுவரை ஐயர்க்கு இருந்த நிறைவு அன்றே குலைந்தது. அக்குலைவே தமிழுக்கு ஆக்கமாயிற்று. 1887இல் சிந்தாமணியும், 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அவர் பதிப்பாக வெளிவந்தன. இதனால் இரண்டு உண்மைகள் பெறப்படும். மிகச் சிறந்த ஆசிரியரைத் தெரிந்தவர்க்கும் கல்வி அவ்வாசிரியரோடு முற்றுப்பெறவில்லை என்பது ஒன்று. கற்று முடித்த காலத்து உண்டாகும் மனநிறைவு கல்வியின் உண்மை அளவாகாது என்பது மற்றொன்று. 1880ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐயரை வினவியிருப்பின், தம் கல்வி நிரம்பிற்று என்றே அவர் கூறியிருத்தல் கூடும். ஆண்டிறுதியில் அவர் விடை வேறாயிருந்திருக்கும்.

ஒரே பல்கலைக்கழகம் இருந்த காலம்

1857ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. தொடக்கத்தில் அது பாடஞ் சொல்லும் நிலையமாக இல்லை. கல்லூரிகளை இணைத்துக்கொண்டு, தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே அதன் பணியாக இருந்தது. 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றும் வரையில் தென்னிந்தியா முழுமைக்கும் அஃது ஒன்றே பல்கலைக்கழகம். மாணாக்கர் உடனுறைந்து கற்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தோன்றியது. ஆதலின், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாணாக்கர் பல்கலைக்கழகத்தைத் தெரிந்தெடுத்தல் என்னும் பேச்சுக்கே இடமில்லை. தெரிவு கல்லூரியளவில் நின்றது. அதுவும் பெரும்பாலும் ஊரின் அண்மை, உதவித்தொகை, உறவினர் இருப்பு ஆகியவற்றால் அமைந்தது.

அக்காலச் சென்னைக் கல்லூரிகளுட் புகழ்பெற்றது கிறித்தவக் கல்லூரி. 1837இல் பள்ளியாகத் தொடங்கிய அந்நிலையம், வில்லியம் மில்லர் என்னும் கல்வியாளரின் முயற்சியால் பெருங்கல்லூரியாக வளர்ந்தது. தாம்பரத்திற்கு வருமுன் அது சென்னை நகரின் ஜார்ஜ் டவுன் பகுதியில் இருந்தது. அங்குப் பயின்ற இருவரின் வரலாறு நம் ஆராய்ச்சிக்கு உரியது.

ஒருவர் பரிதிமாற் கலைஞர் எனப்பெறும் வி. கோ. சூரியநாராயண சாத்திரியார். தமிழிலும் தத்துவத்திலும் ஒருங்கே சிறந்து விளங்கிய அவர், தத்துவ ஆசிரியராகும் வாய்ப்பு இருந்தும் தமிழாசிரியர் பதவியையே விரும்பி ஏற்றார் என்பர். அக்காலத்தில் தமிழாசிரியர்க்கு ஊதியமும் மதிப்பும் பிற பாட ஆசிரியரினும் குறைவு. அவ்வாறாகவும், கல்லூரிப் பணியோடு அமையாது, ஆர்வம் உடையார்க்குத் தனியே பாடஞ் சொல்லி, அவர்களை ‘இயற்றமிழ் மாணவர்’ என்று பெயரிட்டழைத்தார். நன்னூலார் கூறும் அரைக்கூற்றினை, எடுத்துரைத்தலால் வரும் பயனை, அவர் இவ்வாறு நிரப்பிக்கொண்டார். 1903இல் இளமையிலேயே அவர் மறைந்தார்.

மற்றவர் சருவபள்ளி இராதாகிருட்டிணன். திருத்தணியிற் பிறந்து வேலூரிற் பயின்ற பின்னர், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அவர் கிறித்தவக் கல்லூரியிற் சேர்ந்தார். அவர் தத்துவப் பாடத்தை எடுத்ததற்குக் காரணம் ஆர்வமன்று, வறுமை. அக்கல்லூரியிற் படித்து முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவ நூல்களை அவர்க்குக் கொடுத்தார். நூல் வாங்கும் செலவு குறையும் என்பதனால் அப்பாடமே முடிவாயிற்று. தெரிவு என்று சொல்லத்தக்க தெரிவு அங்கு நிகழவில்லை. ஆயினும், கிறித்தவப் பேராசிரியர் சிலர் இந்திய மெய்ந்நூல்களைக் குறித்து எழுப்பிய வினாக்கள் அவரைத் தூண்டின. வேதாந்தத்தின் அறக்கொள்கையை ஆராய்ந்து முதுகலைக்குக் கட்டுரை எழுதினார். அதனைப் பேராசிரியர் ஆல்பிரட் ஹாக் பாராட்டினார். தற்செயலாய்க் கிட்டிய பாடம் வாழ்நாட் பாடமாயிற்று.

ஒருவர் தெளிந்து தெரிந்தார். மற்றவர் தெரியாமலே வந்தார். இருவரும் தத்தம் துறையில் நிறைவு கண்டனர். இரு வாழ்க்கையினும் பொதுவாக நின்றது தெரிவின் தன்மையன்று; சேர்ந்த பின்னர் நிகழ்ந்த வினாவும் விடையும் உழைப்புமே என்பது தெளிவு.

இருப்புப்பாதையும் கல்லூரிகளும்

1931ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. தென்புறச் சிற்றூர்களின் கல்வி வரலாற்றில் இஃது ஒரு திருப்பம். 1937இல் கிறித்தவக் கல்லூரி நகரின் நெருக்கடியை விட்டுத் தாம்பரத்திற்குப் பெயர்ந்தது. 1949இல் குரோம்பேட்டையில் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனமும், 1952இல் மீனம்பாக்கத்தில் அகர்சந்த் மான்மல் ஜெயின் கல்லூரியும் தோன்றின. மூன்றும் அவ்விருப்புப்பாதையை ஒட்டியே அமைந்தமை கருதத்தக்கது. நகரத்து மாணாக்கன் வீட்டிலிருந்தே புறநகர்க் கல்லூரிக்குச் சென்று வரவும், புறநகர்ச் சிற்றூர் மாணாக்கன் உயர்கல்வியைத் தன் ஊரின் அண்மையிற் காணவும் அப்பாதை வழிசெய்தது. தெரிவினை விரிவாக்கியதில் நூல்களினும் இரயிலுக்குப் பங்கு மிகுதி எனலாம்.

கிறித்தவக் கல்லூரியின் பெயர்ச்சியை வெறும் இடமாற்றமாகக் கொள்ளுதல் கூடாது. சேலையூர்க் காப்புக்காட்டினின்று பெற்ற பரந்த நிலத்தில், வகுப்பறைகளோடு புனித தோமையர் விடுதி, சேலையூர் விடுதி, பேராயர் ஹீபர் விடுதி என்பனவும் எழுப்பப்பெற்றன. விடுதி என்பது உண்டு உறங்கும் இடம் என்னும் அளவில் நில்லாது, ஆசிரியரும் மாணாக்கரும் கூடி வாழ்ந்து பேசிப் பழகும் இடமாக அமைதல் வேண்டும் என்பதே நோக்கம். இது நன்னூலார் உடன் பயில்வாரால் வரும் என்று வகுத்த காற்கூற்றிற்கு இடம் அமைத்துக் கொடுத்த முயற்சி ஆகும். அக்கல்லூரியை அமைத்தோர் நன்னூலைக் கருதினர் என்பது நம் கூற்றன்று. கல்வியின் இயல்பு ஒன்றேயாதலின், வெவ்வேறு காலத்து வெவ்வேறு நாட்டினர் ஒரே உண்மையை வந்தடைந்தனர் என்பதே நம் கருத்து.

குரோம்பேட்டையில் ஓர் இரண்டாம் வாயில்

குரோம்பேட்டையில் சி. இராஜம் நிறுவிய தொழில்நுட்ப நிறுவனம் வேறொரு வகையிற் சிறப்புடையது. வானூர்தி, தானியங்கி ஊர்தி, மின்னணுவியல், கருவியியல் போன்ற புதிய துறைகளை அது கற்பித்தது. அறிவியற் பட்டம் பெற்றவர்களையே தொடக்கத்தில் அது மாணாக்கராக ஏற்றது. இச்செய்தி நம் ஆராய்ச்சிக்கு மிக இன்றியமையாதது. ஒருமுறை ஒரு பாடத்தைத் தெரிந்து மூன்றாண்டு கற்றவன், தன் மனம் வேறொன்றை நாடுவதை உணர்ந்தால், மீண்டும் தெரிவதற்கு அஃது ஒரு வாயிலாக இருந்தது.

அவ்வாயிலின் வழிச் சென்றவருள் ஒருவர் ஏ. பி. ஜே. அப்துல் கலாம். திருச்சிராப்பள்ளி புனித சூசையப்பர் கல்லூரியில் இயற்பியல் பயின்ற அவர், பட்டம் பெற்ற பின்னரே இயற்பியல் தமக்குரிய துறையன்று என்பதனை உணர்ந்ததாக ‘அக்கினிச் சிறகுக’ளிற் குறிப்பிடுகின்றார். குரோம்பேட்டை நிறுவனத்திற் சேர்வதற்கு ஏறத்தாழ 1,000 ரூபாய் வேண்டியிருந்தது. தந்தையாரிடம் அத்தொகை இல்லை. தமக்கையார் ஜோகரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் ஈடுவைத்துப் பணம் பெற்றுத் தந்தார். நிறுவனத்திற் காட்சிக்கு வைக்கப்பெற்றிருந்த பழைய வானூர்திகள் இரண்டு அவர் மனத்தை ஈர்த்தமையால், வானூர்தித் துறையை அவர் எடுத்தார்.

இங்கும் நிறைவு தெரிவோடு வந்துவிடவில்லை. உடன் பயில்வார் நால்வரோடு சேர்ந்து போர் வானூர்தி ஒன்றனை வடிவமைக்கும் பணி அவர்க்கு அளிக்கப்பெற்றது. பணி பின்தங்கியது கண்ட பேராசிரியர் சீனிவாசன், மூன்று நாளில் முடிக்காவிடின் உதவித்தொகை நிறுத்தப்பெறும் என்றார். இரவும் பகலும் உழைத்துக் கலாம் அதனை முடித்தார். ஆசிரியரின் கண்டிப்பும், உடன் பயில்வாரின் கூட்டும், தம் உழைப்பும் அவ்வொரு நிகழ்ச்சியில் ஒருங்கே அமைந்தன.

தரவரிசைக் காலம்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலை பெரிதும் மாறியது. 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் தோன்றியபொழுது, கிண்டிப் பொறியியற் கல்லூரியோடு குரோம்பேட்டை நிறுவனமும் அதனுள் அடங்கியது. 1984 முதல் தனியார் பொறியியற் கல்லூரிகள் பல தோன்றலாயின. வண்டலூரிற் கிரசண்ட் கல்லூரி 1984இலும், படூரில் இந்துஸ்தான் கல்லூரியும் காட்டாங்குளத்தூரில் எஸ். ஆர். எம். கல்லூரியும் 1985இலும் தொடங்கின. 1997 முதல் அண்ணா பல்கலைக்கழகம் ஒற்றைச்சாளரக் கலந்தாய்வினை நடத்தியது. தொழிற்கல்விக்குரிய நுழைவுத் தேர்வினை நீக்கும் சட்டம் 2007இல் நடைமுறைக்கு வந்தது. 2018 முதல் பொறியியற் கலந்தாய்வு இணையவழியில் நிகழ்கின்றது.

இம்மாறுதல்களால் விளைந்த நன்மை பெரிது. பரிந்துரையும் அறிமுகமும் இன்றி, மதிப்பெண்ணையும் இடஒதுக்கீட்டு முறையையும் கொண்டு, சிற்றூர் மாணாக்கனும் தன் இடத்தைப் பெற வழி பிறந்தது. ஆயினும், தெரிவு என்னும் செயலின் பொருள் மாறிற்று. முன்னர் ஆசிரியரைத் தெரிந்தனர். பின்னர்க் கல்லூரியைத் தெரிந்தனர். இன்று பட்டியலில் எஞ்சியுள்ள இடத்தைத் தெரிகின்றனர். குரோம்பேட்டை நிறுவனத்தின் பழைய முறையும் மறைந்து, பன்னிரண்டாம் வகுப்பினின்று நேரே நான்காண்டுப் படிப்பிற்குச் செல்லும் முறை வந்தது. பதினேழு வயதிற் செய்யும் தெரிவே இறுதித் தெரிவு என்னும் எண்ணம் வலுப்பெற்றது. மேடவாக்கத்து இல்லங்களில் மே, ஜூன் திங்கள்களிற் காணப்பெறும் அச்சத்திற்குக் காரணம் இதுவே என நாம் கருதுகின்றோம்.

ஒரு தடையும் விடையும்

தெரிவு அத்துணை இன்றியமையாததன்று எனின், எக்கல்லூரியும் ஒன்றே என்பது பெறப்படாதோ எனின், பெறப்படாது. ஆசிரியர் இல்லாத நிலையத்தில் முதற் காற்கூறே இல்லை. மாணாக்கர் கூடிப் பயில இடமில்லாத நிலையத்தில் இரண்டாம் காற்கூறும் இல்லை. அத்தகைய இடத்திற்குக் கடன்பட்டுப் பிள்ளையை அனுப்பிய பெற்றோர்க்கு, நிறைவு உழைப்பால் வருவது என்று கூறுதல் அறமாகாது. ஆகவே, கட்டடத்தையும் விளம்பரத்தையும் நோக்காது, பாடஞ் சொல்பவர் யார், உடன் பயில்வார் யாவர், கற்றதனை எடுத்துரைக்க வாய்ப்புண்டா என்னும் மூன்றையும் நோக்கித் தெரிதல் வேண்டும் என்பதே நம் கருத்து.

தெரிவு என்னும் உரிமையே பலர்க்கு மறுக்கப்பட்டிருந்தமையையும் மறத்தலாகாது. சென்னையில் இராணி மேரி கல்லூரி 1914இலும், மகளிர் கிறித்தவக் கல்லூரி 1915இலும் தோன்றுமுன் பெண்டிர்க்கெனக் கலைக்கல்லூரி இல்லை. தம்பியின் கல்விக்குத் தமக்கை நகை ஈந்த குடும்பங்கள் நம் நாட்டிற் பல. தமக்கைக்கும் அத்தகைய தெரிவு கிட்டிய குடும்பங்கள் அக்காலத்தில் அரியன. கல்வி நிலையங்களிற் பிற்பட்டோர்க்கு இடம் ஒதுக்குதற்கு வழிசெய்து 1951இல் அரசியலமைப்பு திருத்தப்பெற்றதும், சென்னை மாகாணத்துக் கல்லூரிச் சேர்க்கை பற்றிய வழக்கின் விளைவேயாகும். தெரிவின் பயனை அளந்து பேசுதல், தெரியும் உரிமை உடையார்க்கே இயலும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன புலனாகும். தமிழ் மாணாக்கரின் தெரிவு ஆசிரியரினின்று கல்லூரிக்கும், கல்லூரியினின்று தரவரிசைக்கும் பெயர்ந்தது. கற்றலின் நிறைவு அவ்வாறு பெயரவில்லை; நன்னூலார் காட்டிய மூன்று இடங்களிலேயே அஃது இன்றும் உள்ளது. தெளிந்து தெரிந்தவர்க்கும், தற்செயலாய் வந்தவர்க்கும், ஒருமுறை தவறி மீண்டும் தெரிந்தவர்க்கும் அது கிட்டியுள்ளது. கல்வி முடிந்த நாளில் தோன்றும் நிறைவோ குறையோ இறுதித் தீர்ப்பன்று.

தமிழ்த் துறைகளில் முதுகலை பயில்வோருள் தமிழையே விரும்பி வந்தோரும் உளர். வேறு பாடம் கிட்டாமையால் வந்தோரும் உளர். பின்னவர் பலர் அதனை ஒரு குறையாக மனத்திற் சுமக்கின்றனர். அவர்கள் இராதாகிருட்டிணனுக்குக் கிடைத்த பழைய நூல்களை எண்ணிப் பார்ப்பாராக. முன்னவர், தம் தெரிவின் செம்மையிலேயே நிறைவு கொள்ளாது, சாமிநாதையரை நோக்கி எழுந்த வினாவினை எண்ணிப் பார்ப்பாராக. விரும்பி வந்தவரையும் விரும்பாது வந்தவரையும் ஒருங்கே கற்றல் நெறியில் நிறுத்தும் கடன் ஆசிரியராகிய நமக்கு உரியது. முதலியாரைப் போல் உரிய வேளையில் உரிய வினாவை எழுப்புதலும், கற்றதனை மாணாக்கர் எடுத்துரைக்க வகுப்பிற் போதிய இடந்தருதலும் நாம் இன்றே செய்யக் கூடியன. அவற்றைச் செய்யாது விட்டு, மாணாக்கர் தெரிவு தவறிற்று என்று கூறுதல் நமக்கு ஏற்புடையதன்று.